வாசல் பக்கத்துக் கல்

— அந்த அளவை இன்னொரு தடவை சொல்லு அண்ணே. நிதானமா சொல்லு.

— எத்தனை தடவை சொல்றது பெல்கிஸ்? கூரையில அடிச்ச ஆணிக்கும் தரையில அடிச்ச ஆணிக்கும் நடுவுல நேத்து டேப்பைப் பிடிச்சேன். போன வெள்ளிக்கிழமையை விடக் கூரை மூணு மில்லி கீழ வந்திருக்கு. அவ்வளவுதான். ஜும்ஆ முடிஞ்சு பள்ளிவாசல்ல இருந்து நேரா குகைக்குத்தான் வந்தேன், வீட்டுக்குக்கூடப் போகல. எல்லாம் உனக்காகத்தான்.

— அதுக்கு முந்தின வாரம் எவ்வளவு இறங்கியிருந்துச்சு?

— ரெண்டு.

— அதுக்கும் முந்தி?

— ஒண்ணு இருக்கும். ஒண்ணுகூட இருக்காது, முடி அளவு. இதுக்குப் போய் காலங்காத்தால அங்காராவுல இருந்து போன் போட்டு உசிரை வாங்குறியே. இங்க தலைக்கு மேல வேலை கெடக்கு. சாயங்காலம் இஸ்தான்புல் லாரி வருது. எல்மாஸ் அக்கா கூட்டம் உள்ள உட்கார்ந்து எலுமிச்சை பொறுக்கிக்கிட்டிருக்கு.

— உள்ளயா? பெரிய அறையிலயா?

— பின்ன ரோட்டுலயா உட்கார்ந்து பொறுக்குவாங்க? வெளிய முழங்கால் வரைக்கும் பனி. ஆறு மாசமா குகைக்குள்ள தூங்கின எலுமிச்சை, அழுகினதை எடுத்துட்டு நல்லதைக் காகிதத்துல சுத்தி இன்னைக்கு ஏத்தியாகணும்.

— அண்ணே, கோவப்படாம கேளு. குகை நடுவுல நின்ன கல்தூணை எடுத்த புதுசுல கூரை கொஞ்சம் இறங்கும், அப்புறம் வாரத்துக்கு வாரம் கம்மியாகிக்கிட்டே வந்து, பனி விழறதுக்குள்ள நின்னுடும். என் கணக்குல அப்படித்தான் வந்துச்சு. நீ சொல்ற அளவு அப்படி இல்லையே. இது கூடிக்கிட்டு வருது.

— மூணு மில்லி பாப்பா. நகக்கண் அளவு.

— மூணு மில்லிக்கு நான் பயப்படல. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வருதே, அதுக்குத்தான் பயப்படறேன்.

— நீதானே சொன்னே, நம்ம ஊர்க் கல்லு உடையற கல்லு இல்ல, அமுங்கற கல்லுன்னு. அமுங்கிட்டுப் போகட்டும். எலுமிச்சைக்கு வலிக்கவா போகுது?

— அமுங்கறதுல ரெண்டு விதம் இருக்கு. ரப்பரை அமுக்கிட்டுக் கையை எடுத்தா பழையபடி வந்துடும். பிசைஞ்ச மாவை அமுக்கினா வராது. நம்ம கல்லு ஒரு பாரம் வரைக்கும் ரப்பர், அதுக்கு மேல மாவு. எந்த இடத்துல மாவாகுது, மாவான கல்லு கைவிட்ட பாரத்தைப் பக்கத்துக் கல்லு சுமக்குமா சுமக்காதா, அதைக் கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்க்கறதுதான் என் பிழைப்பே.

— அதைத்தான் நானும் ஊர்ல சொல்லிக்கிட்டுத் திரியறேன். என் தங்கச்சி அங்காராவுல ஏசி ரூம்ல உட்கார்ந்து மாவு பிசையறா, சம்பளம் மட்டும் கவர்னர் சம்பளம்னு.

— விளையாடாதே அண்ணே.

— சரி, விளையாடல. கேளு.

— தூணை எடுக்கறதுக்கு முன்னால சோதனைக்குன்னு நீ அனுப்பின கல்லெல்லாம் எங்கிருந்து வெட்டினது?

— குகையில இருந்துதான். கடையில வாங்கியா அனுப்புவேன்?

— குகையில எந்த இடம்? தூண்ல கொஞ்சம், கூரையில கொஞ்சம், கடைசிச் சுவர்ல கொஞ்சம்னு நான் கேட்டிருந்தேன்.

— நீ கேட்ட இடத்துல எல்லாம் வெட்டினேன். சொல்றேன்ல, ஒரு இடம் விடல. ஆனா அதை அனுப்பல.

— அனுப்பலையா?

— அட விடும்மா, உள்பக்கத்துக் கல்லு எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாதா? வெட்டி எடுக்கறப்பவே முனை உதிருது. ஈரம் வேற. கையில பிடிச்சா பிசுபிசுன்னு ஒட்டிக்குது. அதைப் போய் அனுப்ப முடியுமா? உன் ஆபீஸ்ல நாலு பெரிய மனுஷங்க இருப்பாங்க, பெல்கிஸோட அண்ணன் அனுப்பின லட்சணத்தைப் பாருன்னு சிரிப்பாங்க. அதான் வாசல் பக்கம், காத்தும் வெயிலும் பட்டு நல்லா இறுகின இடமாப் பார்த்து வெட்டினேன். ஒவ்வொண்ணா அடுப்போரம் வச்சுக் காய வச்சேன். துடைச்சேன். எலுமிச்சை சுத்தற காகிதத்துலயே பொண்ணு மாதிரி சுத்தி அனுப்பினேன். ஒரு கீறல் இருந்துச்சா, நீயே சொல்லு.

— எல்லாக் கல்லும் வாசல்ல வெட்டினதா அண்ணே?

— ஆமா. ஏன் கேக்கறே?

— ஒண்ணுகூட உள்ள வெட்டினது இல்லையா?

— இல்லம்மா. நான் என்ன தப்பா செஞ்சுட்டேன்? நான் எலுமிச்சை வியாபாரி. மாதிரி அனுப்புன்னு கேட்டா கூடையில இருக்கறதுலயே நல்லதைத்தான் பொறுக்கி அனுப்புவோம். மெர்சின் தோட்டக்காரன் எனக்கு மாதிரி அனுப்பறப்ப அழுகலையா அனுப்பறான்?

— எனக்கு அழுகல்தான் வேணும் அண்ணே. அதுக்குத்தான் கேட்டேன்.

— நீ அப்படிச் சொல்லவே இல்லையே.

— சொல்லல. சொல்லணும்னே தோணல. எங்க ஆட்களுக்கு யாரும் அதைச் சொல்ல வேண்டியதில்ல. உன் மேல தப்பில்ல அண்ணே. நான் வந்து என் கையால வெட்டி எடுத்திருக்கணும். பைராம் பெருநாளுக்குக்கூட வராம இங்கயே கெடந்தேன். உன் பெட்டி வந்தப்ப லேப்ல எல்லாரும் அந்த எலுமிச்சைக் காகிதத்தைப் பார்த்துச் சிரிச்சோம். ஒவ்வொரு கல்லா நசுக்கிப் பார்த்தா எல்லாம் ஒரே பலம். இவ்வளவு அழகா ஒத்துப்போகுதேன்னு சந்தோஷப்பட்டேன் பாரு, அங்கயே எனக்கு உறைச்சிருக்கணும். மலையில எங்க வெட்டினாலும் ஒரே மாதிரி கல்லு கிடைக்குமா? அண்ணன் வேலைதானே, சட்டுனு முடிச்சுக் குடுப்போம்னு, தூணை எடுக்கலாம்னு ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்தைப் போட்டுட்டேன்.

— இப்ப என்ன குடி முழுகிப்போச்சு? கல்லு கல்லுதானே. ஒரே மலை.

— ஒரே மலைதான். ஆனா வாசல் கல்லு வேற, உள்கல்லு வேற. போனை வைக்காதே, நான் கம்ப்யூட்டரைத் திறந்துட்டேன். நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. உள்கல்லை நகத்தால கீறினா கீறுதா?

— கீறும். கரண்டியால சுரண்டினா வழிச்சே எடுத்துடலாம்.

— தண்ணியில போட்டா?

— அதை யாரு போட்டுப் பார்த்தா? இரு, நேத்து உள்ள இருந்து கூட்டி அள்ளின துண்டு இங்க வாசல்ல கெடக்கு. வாளியிலயும் தண்ணி இருக்கு. போடறேன்.

— போட்டியா?

— போட்டுட்டேன். கொப்புளம் கொப்புளமா வருது. ஓரம் கலங்குது. பெல்கிஸ், இது கரையுது. சர்க்கரைக் கட்டி மாதிரி உடனே இல்ல, சோம்பேறித்தனமாக் கரையுது. ஆனா கரையுது.

— தரையில இன்னமும் தண்ணி தெளிக்கறீங்களா?

— தெளிக்காம? காத்து காஞ்சா எலுமிச்சைத் தோல் கிழவி கன்னம் மாதிரி ஆயிடும். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை.

— சரி. நீ அனுப்பின கல்லோட பலத்தைப் பாதிக்கும் கீழ இறக்கிப் போடறேன். குத்துமதிப்புதான், வேற வழியில்ல. ஓட விட்டுட்டேன்.

— எவ்வளவு நேரம் பிடிக்கும்?

— ஒரு டீ குடிக்கற நேரம். அதுவரைக்கும் பேசிக்கிட்டே இரு. நீ எங்க நிக்கறே?

— வாசல்லதான். உள்ள போனா சிக்னல் ஏது?

— அவங்களையும் வெளிய கூப்பிட்டுடேன் அண்ணே. கணக்கு முடியற வரைக்குமாவது.

— அதை மட்டும் சொல்லாதே. பொம்பளைங்க எழுந்து வந்தா லாரி வெறுமனே திரும்பிப் போகும். அதைக்கூட விட்டுத் தள்ளு. நெஜாத்தியோட குகை விழப்போகுதாம்னு மத்தியானத்துக்குள்ள டீக்கடை முழுக்கப் பேச்சாகிடும். அடுத்த வருஷம் எந்த மெர்சின்காரன் என்னை நம்பி ஒரு பெட்டி எலுமிச்சையைப் படுக்க வைப்பான்? நான் என்ன சொகுசுக்கா அந்தத் தூணை எடுத்தேன்? பெட்டியைத் தூக்கிக்கிட்டு அந்தப் பனிச் சரிவுல ஏறி வந்து லாரியில ஏத்தினாங்க இந்தப் பொம்பளைங்க. முந்தின வருஷம் எல்மாஸ் அக்கா வழுக்கி விழுந்து இடுப்பு போய்க் கெடந்தாங்களே, நீயும்தான் அழுதே. லாரியே உள்ள வந்து திரும்பிப் போனா யாரும் சுமக்க வேண்டாம். நடுவுல அந்தத் தூண் வழியை மறிச்சுக்கிட்டு நின்னுச்சு, அதனால எடுத்தேன்.

— தெரியும். அதனாலதான் நானும் சரின்னு கணக்குப் போட உட்கார்ந்தேன்.

— அப்புறம் இன்னொண்ணு. என்னன்னு சொல்லி அவங்களைக் கூப்பிடறது? என் தங்கச்சி போட்ட கணக்கு தப்புன்னா?

— ஆமா. அப்படியே சொல்லு.

— என் வாயில அது வராது.

— ஏன் வராது? தப்புன்னா தப்புதானே.

— உனக்குப் புரியாது, விடு. நீ படிக்கப் போனப்ப இந்த ஊர் எப்படிச் சிரிச்சுச்சுன்னு எனக்குத்தான் தெரியும். பொட்டப்புள்ள கல்லைப் படிக்கப் போகுதாம்னு முகத்துக்கு நேராச் சொன்னானுங்க. அவனுங்க வாயை அடைச்சது யாரு? நீ. உன் பேரைச் சொன்னா இப்ப எழுந்து நாற்காலி குடுக்கறானுங்க எனக்கு. சரி, எங்க வரைக்கும் வந்திருக்கு உன் கணக்கு?

— தூண்ல முக்கால்வாசி இன்னும் இருக்கு. கம்ப்யூட்டர் ஒரேயடியா எடுக்காது. கொஞ்சம் கொஞ்சமாச் செதுக்கும். ஒவ்வொரு தடவை செதுக்கினதும் மேல இருக்கற பாரத்தையெல்லாம் மீதிக் கல்லு பங்கு போட்டுத் தாங்கிக்குதா, எல்லாம் அமைதியா உட்காருதான்னு பார்க்கும். உட்கார்ந்தா அடுத்தது செதுக்கும்.

— படமாத் தெரியுமா உனக்கு?

— தெரியும். ரப்பரா இருக்கற இடம் நீலம். மாவாகற இடம் சிவப்பு. போன தடவை கூரை ஓரத்துல ரெண்டு பொட்டு வச்ச மாதிரி சிவப்பு இருந்துச்சு, அவ்வளவுதான். இப்ப தூண் தலையில ஆரம்பிச்சு மேல ஏறுது.

— உன் படத்துல எல்மாஸ் அக்கா எங்க உட்கார்ந்திருக்காங்க?

— படத்துல ஆளே கிடையாது அண்ணே. கல்லும் பாரமும்தான்.

— அது என்ன படம், ஆளே இல்லாம.

— நானும் இவ்வளவு நாளா அப்படித்தான் பார்த்துட்டேன்.

— சரி, ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். மரத்தூண் நாலஞ்சு முட்டுக் குடுத்தா? பாப்ளார் மரம் நிறையக் கெடக்கு நம்மகிட்ட.

— குடுக்கலாம். குடுக்கறவன் அதுக்குக் கீழ போய் நிக்கணுமே.

— தம்பி, நெஜாத்தி தம்பி. போன்ல கொஞ்சினது போதும். ஒரு நல்ல விளக்குமாறும் நாலு துணியும் குடு, நான் உள்ள போகணும்.

— எதுக்கு எல்மாஸ் அக்கா?

— எதுக்கா? மேல இருந்து மாவு கொட்டுது. நேத்துத் துடைச்சு வச்ச எலுமிச்சை எல்லாம் இன்னைக்கு வெள்ளை பூத்துக் கெடக்கு. சுத்தி முடிக்கறதுக்குள்ள காகிதத்து மேலயே கொட்டுது, என்னத்தச் சொல்ல. என் முக்காட்டைப் பாரு, மில்லுல அரைக்கப் போனவ மாதிரி இருக்கேன்.

— அண்ணே, எந்த இடத்துல கொட்டுதுன்னு கேளு.

— அக்கா, எந்த இடத்துலன்னு பெல்கிஸ் கேக்கறா.

— பெல்கிஸா போன்ல? என் கண்ணு. நான் சலாம் சொன்னேன்னு சொல்லு. எந்த இடம்னா, முன்ன தூண் இருந்துச்சே, அதுக்கு நேர் மேல. நாங்க பேச்சை நிறுத்தினா சத்தம்கூட வருது, எலி பிறாண்டற மாதிரி. எலிக்கு எலுமிச்சை ஆகாதேன்னு சொல்லிச் சிரிச்சுக்கிட்டிருந்தோம்.

— கேட்டியா அண்ணே?

— கேட்டேன். பொடி எல்லாக் குகையிலயும் கொட்டும் பாப்பா. எங்கேயும் கொட்டாத மாதிரிப் பேசறே.

— நின்னுடுச்சு.

— என்னது, பொடியா?

— கணக்கு. நின்னுடுச்சு.

— கரண்ட் போச்சா?

— இல்ல. தூண் பாதி இருக்கறப்பவே நின்னுடுச்சு. அதுக்கு மேல போக மாட்டேங்குது.

— அப்ப மிஷின்ல கோளாறு. அணைச்சுட்டுத் திரும்பப் போடு. எங்க வீட்டு டிவியும் அப்படித்தான்.

— கோளாறு இல்ல அண்ணே. பாரத்தை எப்படி எப்படியோ பங்கு போட்டுப் பார்த்துடுச்சு. எப்படிப் போட்டாலும் கல்லு தாங்கல. கூரை அமைதியா உட்கார ஒரு வழிகூட இல்ல. இல்லாத வழியைக் கம்ப்யூட்டர் எங்க தேடும்? அதான் நின்னுடுச்சு.

— என்னம்மா பேசறே? பாதித் தூண் இருக்கறப்பவே விழுந்துடும்னு உன் கம்ப்யூட்டர் சொல்லுது. எனக்குத் தூணே கிடையாது, இதோ என் கூரை நிக்குது. கண்ணால பார்த்துக்கிட்டிருக்கேன். நான் எதை நம்பறது?

— நிக்கல அண்ணே. இறங்கிக்கிட்டிருக்கு. நீதானே டேப்பைப் பிடிச்சு அளந்தே. மெதுவா நகர்றதால உனக்கு நிக்கற மாதிரி தெரியுது. மாவான கல்லு தன் பாரத்தைப் பக்கத்துல தள்ளும், பக்கத்துல இருக்கறதும் மாவாகும், அது இன்னும் தள்ளும். வாரா வாரம் கூடுறது அதனாலதான். இப்ப பொடியும் கொட்டுதுன்னா இனிமே இது மெதுவாப் போகாது.

— ஒரு தடவை நீயே சொன்னே. ஆபீஸ்ல கணக்கு நின்னுபோனா கல்லுக்குக் கொஞ்சம் பிடிப்பைக் கூட்டிப் போட்டு ஓட வச்சுடுவோம்னு. சிரிச்சுக்கிட்டே சொன்னே. அதைச் செய்யேன்.

— செய்யலாம். போட்டா ஓடும். எங்க தொழில்ல கணக்கு நின்னா முதல்ல கணக்கைத்தான் சந்தேகப்படுவோம், கல்லை யாரும் சந்தேகப்பட மாட்டோம். நானே எத்தனையோ தடவை அப்படி ஓட்டியிருக்கேன். இப்ப கூட்டிப் போட்டா கம்ப்யூட்டர்ல தூண் இல்லாமலே கூரை நின்னுடும். எல்மாஸ் அக்கா தலைக்கு மேல யாரு அண்ணே கூட்டிப் போடறது? நான் கெஞ்சிக் கேக்கறேன். என் பேரு போனாப் போகட்டும். அவங்களை வெளிய கூப்பிடு.

— நிஜமாவா சொல்றே?

— நிஜமாத்தான் சொல்றேன்.

— சரி. சரிம்மா. அழாதே, கூப்பிடறேன். எல்மாஸ் அக்கா, துணியை வச்சுடு. எல்லாரையும் வெளிய வரச் சொல்லு.

— எதுக்கு?

— டீ குடிக்க.

— டீயா? இந்த நேரத்துலயா? போன வாரம் டீக்கு எழுந்ததுக்கு எப்படி முறைச்சே என்னை.

— இன்னைக்கு நான் வாங்கித் தர்றேன். அல்வாவும் உண்டு.

— உனக்கு என்ன ஆச்சு தம்பி? புள்ள கிள்ள பொறந்திருக்கா? உன் பொண்டாட்டிக்கு அம்பது ஆகுதேப்பா.

— அக்கா, கூப்பிடுக்கா.

— இப்ப ஏலாது. வரிசை பாதியில நிக்குது. சுத்தினது எது, சுத்தாதது எதுன்னு குழம்பிடும். முடிச்சுட்டு வாரோம், நீ டீயைச் சொல்லி வையி.

— அண்ணே, போனை அக்காகிட்ட குடு.

— இந்தா அக்கா. பெல்கிஸ் பேசணுமாம்.

— பெல்கிஸ் கண்ணு, எப்படி இருக்கே? இந்த வருஷமாவது ஊர்ப்பக்கம் வருவியா?

— அக்கா, நான் சொல்றதைக் கேளுங்க. டீயும் இல்ல, அல்வாவும் இல்ல. கூரை விழப்போகுது. எப்பன்னு எனக்குத் தெரியல. ஒரு வாரம் தாங்கலாம், இப்பவே விழலாம். யாரும் எலுமிச்சையைத் தொட வேண்டாம், சால்வையைத் தேட வேண்டாம். ஓடாம, கத்தாம, சுவரோரமா நடந்து வெளிய வரச் சொல்லுங்க. தூண் இருந்த இடத்துக்குக் கீழ மட்டும் யாரும் போகக் கூடாது.

— விழாதுன்னு நீதானே கண்ணு எழுதிக் குடுத்தே?

— நான்தான் குடுத்தேன். தப்பா எழுதிட்டேன் அக்கா.

— அல்லாவே. சரி. அப்ப சரி. நான் போய்க் கூட்டிக்கிட்டு வாரேன்.

— நீங்க போகாதீங்க, வாசல்ல இருந்தே குரல் குடுங்க.

— குரல் குடுத்தா கேள்வி கேப்பாளுங்க. ஏன், எதுக்குன்னு நாலு பேரு எழுந்து நின்னு நடுவுலயே பேசிக்கிட்டிருப்பாளுங்க. நான் போய் நின்னு ஒரு பார்வை பார்த்தா பேசாம எழுந்து வருவாளுங்க. இந்தா தம்பி, உன் போனு.

— அண்ணே, அக்காவைப் போக விடாதே. இடுப்பு சரியில்லாதவங்க.

— போயிட்டாங்க. என்னைத் தள்ளி விட்டுட்டுப் போயிட்டாங்க பாப்பா.

— என்ன தெரியுது? சொல்லிக்கிட்டே இரு.

— உள்ள வெளிச்சம் கம்மி. ஒருத்தி எழுந்துட்டா. ஹவ்வா மாதிரி இருக்கு. அவளுக்குப் பின்னால அந்த அக்கா தங்கச்சி ரெண்டு பேரும். சுவரோரமாத்தான் வராங்க. ஒருத்தி குனிஞ்சு எதையோ எடுக்கறா. சால்வை. சொன்னாக் கேக்கறாளா பாரு. ஏம்மா, விடும்மா அதை.

— கத்தாதே அண்ணே.

— கத்தல. வந்துட்டாங்க, பாதிப் பேருக்கு மேல வந்துட்டாங்க. என்ன பெரியப்பான்னு என்னைக் கேக்கறாங்க. நான் என்ன சொல்றது?

— ஒண்ணும் சொல்லாதே. தூரமாப் போய் நிக்கச் சொல்லு. எல்மாஸ் அக்கா எங்க?

— தெரியல.

— அண்ணே.

— தெரியலம்மா. திட்டற சத்தம் மட்டும் கேக்குது. கடைசிச் சுவர்கிட்ட ஒருத்தி பயந்துபோய் எழுந்திருக்க மாட்டேங்குறா போல. எல்மாஸ் அக்கா அவ கையைப் பிடிச்சு இழுக்கறாங்க. பொடி கொட்டறது இங்கிருந்தே தெரியுது எனக்கு. இவ்வளவு கொட்டுதா? நான் எப்படிப் பார்க்காமப் போனேன்?

— வராங்களா?

— வராங்க. மெதுவா வராங்க. இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு வராங்க. இன்னும் கொஞ்சம் அக்கா. வா வா வா. வந்துட்டாங்க பெல்கிஸ். வந்துட்டாங்க. மாவுல புரட்டி எடுத்த மாதிரி இருக்காங்க ரெண்டு பேரும்.

— எல்லாரும் வந்தாச்சா? நல்லாப் பார்த்துச் சொல்லு.

— எல்லாரும் வந்தாச்சு. பனியில நின்னு என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டிருக்காங்க.

— அப்பாடா. அல்லாவுக்கு ஆயிரம் தடவை நன்றி. கதவைப் பூட்டிடு அண்ணே. லாரிக்காரனுக்குப் போன் பண்ணி வர வேண்டாம்னு சொல்லு. நான் இப்பவே கார் எடுத்துக்கிட்டுக் கிளம்பறேன், மத்தியானத்துக்குள்ள வந்துடுவேன். ஊர்ல யாரு என்ன கேட்டாலும் நான் பதில் சொல்றேன். டீக்கடையிலயே வந்து நின்னு சொல்றேன். எலுமிச்சை போனாப் போகுது, யாருக்கும் ஒண்ணும் ஆகலையே. அண்ணே, கேக்குதா? அழறியா?

— இல்ல.

— அழறே.

— பெல்கிஸ், நான் இப்ப போகணும்.

— எங்க போகணும்?

— அப்புறம் சொல்றேன். அக்கா, இந்தப் போனைப் பிடி. பிடிக்கா.

— அண்ணே. உள்ள போகாதே. நெஜாத்தி அண்ணே.

— நான்தான் கண்ணு, எல்மாஸ். உங்க அண்ணன் போயிட்டான்.

— அக்கா, அவரைப் பிடிக்கச் சொல்லுங்க. லாரிக்கு ஆகற பெட்டியை மட்டும் இழுத்துப் போட்டுட்டு வந்துடறேன்னு போவார், எனக்குத் தெரியும் அவரை. எலுமிச்சைன்னா அவருக்குக் கண்ணு தெரியாது. யாராவது ஓடிப் பிடிங்க அக்கா, தயவு செஞ்சு.

— எலுமிச்சைக்கா? இல்ல கண்ணு, நம்ம குகைக்குள்ள அவன் போகல. மலை மேல ஓடறான். பனியில விழறான், எழுந்திருக்கான், திரும்பவும் ஓடறான். இவ்வளவு வருஷத்துல அந்த ஆளு ஓடி நான் பார்த்ததில்ல.

— மேலயா? மேல என்ன இருக்கு?

— மத்தவங்க குகைதான். வாஹித்தோடது, ஷாபான் ஹாஜியோடது, அதுக்கு அந்தாண்ட இன்னும் வரிசையா இருக்கே. எல்லாத்துலயும் இன்னைக்குப் பொறுக்கற வேலைதான். என் மருமக ரெண்டு பேரும் ஹாஜி குகையிலதான் உட்கார்ந்திருக்காளுங்க.

— அவங்க குகையில எல்லாம் தூண் இருக்கே அக்கா. அங்க ஒண்ணும் ஆகாது. இவர் எதுக்கு அங்க ஓடறார்?

— தூண் ஏது கண்ணு? உன் ரிப்போர்ட்டை உங்க அண்ணன் நகல் எடுத்து, என் தங்கச்சி போட்ட கணக்கு, பைசா வேண்டாம்னு மலை முழுக்க ஒரு குகை விடாமக் கொண்டு போய்க் குடுத்தானே, அதைப் பார்த்துட்டு எல்லாருமே எடுத்துட்டாங்க.